பேனலுக்கு வைத்த சந்தனம்

சோலார் பேனல் இப்போது வீட்டுக்கு வீடு மொட்டைமாடியில் வெயில் காய்கிறது. தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் எங்கள் பட்டறை மாடியில் ஒன்று கிடந்ததற்கே பக்கத்து லேத்துக்காரர்கள் ஏணி ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அங்கே எனக்குக் காயில் சுற்றும் வேலை. பள்ளிக்கூடத்தோடு எனக்கு ஒத்துவரவில்லை. செம்புக் கம்பியோடு ஒத்துவந்தது. நாங்கள் செய்தது பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே உட்காரும் ஒரு கன்ட்ரோலர் பெட்டி. பேனலிலிருந்து அதிகம் இழுத்தால் வோல்டேஜ் படுத்துவிடும். குறைத்து இழுத்தால் கிடைக்கிற வெயில் வீண். மாட்டின் குணமறிந்து கறப்பதுபோல, அந்தந்த நேரத்து வெயிலுக்குத் தக்கபடி கறப்பதுதான் பெட்டியின் வேலை. அதை உண்டாக்கியவர் எங்கள் முதலாளியம்மா. இன்ஜினியர், என் மகள் வயது.

பெட்டியை வாங்கத்தான் ஆளில்லை. கடைசியில் வால்பாறை எஸ்டேட் மேனேஜர் ஒருவர், தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு விளக்குப் போடுவதற்காக விஜயதசமியன்று வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

“இதுவும் தட்டிப்போச்சுன்னா பட்டறைய மூடறதுதானுங்க்கா” என்றார் முதலாளியம்மா.

மறுபடியும் மில்லில் கழிவுப் பஞ்சு பொறுக்கப் போக எனக்கு மனசில்லை.

முந்தின நாள் ஆயுத பூஜை. லேத்து, சோல்டரிங் அயர்ன், முதலாளியம்மாவின் மொபெட் என்று ஒன்று விடாமல் பட்டறை மேஸ்திரி பட்டை போட்டுப் பொட்டு வைத்தார். சந்தனக் கிண்ணத்தோடு மாடிக்கும் ஏறினார்.

“நமக்குச் சோறு போடறதே அதுதானுங்க. அதுக்கு வெக்காம உடலாமுங்களா?”

மறுநாள் காலை பெட்டியை மாட்டினால் மீட்டர் முள் எழுந்திருக்கவே இல்லை. பெட்டியைப் பிரித்தார்கள், டிரான்சிஸ்டரை மாற்றினார்கள். அப்புறம் மேஸ்திரி என் பக்கம் திரும்பினார்.

“பேசிட்டே சுத்துனா காயில் இப்படித்தானுங்க்கா இருக்கும்.”

“நேத்து இதே காயில்தானுங்க ஓடுச்சு. உங்ககூடக் கோவிச்சுக்கிட்டு ராத்திரியே எந்திரிச்சுப் போயிருச்சுங்களா?”

முதலாளியம்மா மாடிக்கு ஏறினார். நாங்களும் பின்னாலேயே போனோம். பேனல் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. குறுக்கே கனமான விபூதிப் பட்டை, கட்டத்துக்குக் கட்டம் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“இந்தக் கட்டத்துச் செல்லு அத்தனையும் சங்கிலியாட்டக் கோத்திருக்குதுங்க. ஒண்ண மறைச்சாலே மத்ததும் மொடங்கும். பெட்டி எத்தன இழுக்கறதுன்னு தெரியாம தடுமாறுது. தொடச்சரோணும்” என்றார்.

மேஸ்திரி பேனலுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். “வெச்ச பொட்டத் தொடைக்கறதுங்களா? அதுவும் இன்னிக்கு? தொழிலே அழிஞ்சுபோயிருமுங்க அம்மணி.”

துடைக்கத் துணி எடுத்த முதலாளியம்மா அதைத் தோளில் போட்டுக்கொண்டார். பூஜைப் பொட்டு தானாக உதிரவேண்டும் என்கிற வீட்டில் வளர்ந்தவர்தானே அவரும். மேனேஜர் வரும் நேரமும் நெருங்கிவிட்டது. இதற்கு ஒரு வழி பண்ணாமல் கீழே இறங்குவதில்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

“தொடைக்க வேண்டாமுங்க மேஸ்திரி. கோயில்ல அபிஷேகம் பண்றப்ப சந்தனம் கரையறதில்லீங்களா? அதைய அழிக்கறதுன்னா சொல்றோம்?”

“அது சாமிங்க.”

“இது ஆருங்க? சோறு போடறதுன்னு நேத்து நீங்கதான சொன்னீங்க? சாமின்னா தண்ணி ஊத்துங்க. வெறும் கண்ணாடின்னா சொல்லுங்க, நான் தொடச்சுப்போடறேன்.”

மேஸ்திரி என்னை முறைத்தார். இறங்கிப் போய்க் கைகால் கழுவி, ஒரு குடம் தண்ணீரோடு வந்தார்.

“பால் வேண்டாமுங்களா?”

“பச்சைத்தண்ணியே போதுமுங்க” என்றார் முதலாளியம்மா அவசரமாக.

சந்தனமும் விபூதியும் கரைந்து வழிந்தன. மேஸ்திரி ஓரத்து அலுமினியச் சட்டத்தில் மட்டும் புதிதாக ஒரு பொட்டு வைத்தார். கீழே வந்து பார்த்தால் மீட்டர் முள் எழுந்து நின்றது.

மலைப்பாதை வளைவுகளில் தலைசுற்றிப்போன மேனேஜர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்து சேர்ந்தார்.

“பேனல் ஏனுங்க ஈரமா இருக்குது?”

“இப்பத்தானுங்க தலைக்கு ஊத்துனோம்” என்றேன்.

மத்தியானம் வரை மீட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு மேகம் வந்தது; முள் விழுந்தது. மேகம் விலகியதும் பெட்டி கொஞ்சம் துழாவி, மறுபடி பிடித்துக்கொண்டது. அவர் எழுந்தார்.

“லைன் ஊடுகளுக்கு இதையே போட்டறலாமுங்க.”

அன்றைக்கே புதுக் கம்பிச் சுருளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“இனியாச்சும் பேசாம சுத்துங்கக்கா” என்றார் மேஸ்திரி.

பேசிக்கொண்டேதான் சுற்றினேன்.