ட்ரிப்பரும் எங்கள் கிரைண்டரும்

எங்கள் வீட்டில் மாவாட்டுவது என் கணவர்தான். அவர் எங்கள் ஊர் ஆம்பூரிலேயே ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். நான் வேலூரில் நர்ஸ். சனிக்கிழமை நைட் டூட்டி முடித்து நான் வந்து படுத்திருப்பேன். அவர் ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய் வந்து கிரைண்டரைப் போடுவார். என் கல்யாணத்துக்கு வார்டு நர்சுகள் எல்லோரும் சேர்ந்து கொடுத்த கிரைண்டர் அது. அதன் மேல் எனக்குத் தனிப் பாசம்.

இந்தக் கோடையில் அது வம்பு செய்ய ஆரம்பித்தது. அரிசி பாதி அரைபடும்போது மெயின் போர்டில், கரண்ட் கோளாறு என்றால் தானே அணைந்துகொள்ளும் ட்ரிப்பர் விழும். ஃபேன் நின்றுவிடும். வேர்த்துக் கொட்டி நான் எழுந்து உட்காருவேன். அவர் நாற்காலி போட்டு ஏறி ட்ரிப்பரைத் தூக்கிவிடுவார்; கிரைண்டரைப் போட்டதும் மறுபடி விழும். மீதியை மிக்சியில் அரைத்து, செங்கல் மாதிரி இட்லி சாப்பிட்டோம்.

வேறு பிளக் பாயிண்டில் மாட்டினோம். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் பார்த்தோம். ஒரு வார நாளில் எலக்ட்ரீஷியன் வந்து போட்டபோது நல்ல பிள்ளையாகச் சுற்றியது. “ஒண்ணியும் இல்ல சார், நல்லாத்தான் ஓடுது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை பழைய கதைதான்.

பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே நிற்காமல் ஓடியது. என் கிரைண்டர் மேல் குற்றமில்லை என்று நான் நிமிர்ந்தபோது அந்த வீட்டம்மா கையை உதறினார்.

“சிஸ்டர், ஓரத்துல கை பட்டா ஜிவ்வுனு இழுக்குது. எங்க வூட்ல ட்ரிப்பரே இல்ல, அதான் வுழல.”

ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

“போதும்மா. யாருக்கானா ஷாக் அடிக்கிறதுக்குள்ள எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்லாம்” என்றார் கணவர். எனக்கு அழுகை முட்டியது. அவர் கடைக்குப் போன் செய்தார். சாயங்காலமே ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

கொடுப்பதைச் சுத்தமாகக் கொடுப்போம் என்று கல்லை எடுத்துவிட்டு, துடைப்பதற்காகக் கவிழ்த்தேன். அடியில் மோட்டாருக்கும் தகரத்துக்கும் நடுவே ஏதோ பழுப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது. இழுத்தேன். தண்ணீரில் ஊறிய தோல் துண்டு. அதன் ஒரு முனை வயர் இணைப்பின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆம்பூரில் ஆடும் கட்டில், ஒழுகும் குழாய், அடித்துக்கொள்ளும் கதவு எல்லாவற்றுக்கும் கம்பெனித் தோல் துண்டுதான் வைத்தியம். மாவுத் தண்ணீர் வழிந்து அது நனையும்போதெல்லாம் கரண்ட் கசிந்திருக்கிறது; காய்ந்ததும் சமர்த்தாகியிருக்கிறது.

“இன்னாங்க இது?”

அவர் முகம் தொங்கிப்போயிற்று. “நான்தான் வெச்சேன். வெச்சதே மறந்துட்டேன். கடகடன்னு சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சி. நீ டூட்டி முடிச்சி தூங்கினு இருப்பியே...”

திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. என் தூக்கத்துக்காக வைத்த துண்டுதான் ஃபேனை நிறுத்தி நிறுத்தி என்னை எழுப்பியிருக்கிறது.

கடை ஆளை வர வேண்டாம் என்று நானே போன் செய்தேன். மறுநாள் எலக்ட்ரீஷியன் வயர் இணைப்பைப் புதிதாகச் சுற்றிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு கிரைண்டர் தெருவுக்கே கேட்கும்படி கத்தியது. ட்ரிப்பர் விழவில்லை, ஃபேனும் நிற்கவில்லை. நான் எழுந்துவிட்டேனா என்று அவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, நன்றாகத் தூங்குகிறவள் மாதிரி படுத்திருந்தேன்.