மண்டோர் வீட்டுப் பெரட்டு

துளசி கதவுக் கைப்பிடியை டெட்டால் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கூடத்து நாற்காலியில் வயிற்றைப் பிடித்தபடி சாய்ந்திருந்த அவள் கணவர் உடையப்பன், "கீழ்ப்பக்கம் விட்டுட்ட பாரு. கிருமிக்கு அங்கதான் நெழலு," என்றார்.

"கிருமி என்ன, வெயிலுக்கு ஒதுங்குற ஆளா?" என்றாள். ஆனாலும் கீழ்ப்பக்கத்தையும் துடைத்தாள்.

புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் செம்பனைத் தோட்டத்தில் உடையப்பன் மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி. குடல்வால் வெடித்து, வயிற்றை நீளமாகக் கீறிக் கழுவித் தைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கிளம்பும்போது மிஸ்ஸி என்று எல்லோரும் கூப்பிடும் வார்டு நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள். இவ்வளவு பெரிய அறுவைக்குப் பிறகு உடம்பின் எதிர்ப்புச் சக்தியெல்லாம் காயத்தோடு மல்லுக்கட்டும். அப்புறம் சில வாரம் அசந்து கிடக்கும். சளி, இருமல்காரர்களைக் கிட்டே விடவேண்டாம். காய்ச்சல் கண்டாலோ தையல் சிவந்தாலோ உடனே வந்துவிட வேண்டும்.

இதை உடையப்பன் தோட்டத்துப் பாஷைக்கு மாற்றிக்கொண்டார். "உள்ள இருக்கிற ஆளுங்க அத்தன பேரும் வயித்துக்கு ஓடிட்டானுங்க லா. கேட்டுல காவலுக்கு ஒருத்தன் இல்ல. எவன் வேணாலும் நுழைஞ்சிரலாம்." ஆள் பற்றாக்குறையின் அருமை அவரைவிட யாருக்குத் தெரியும்? கேட்டுக் காவலை அவரே எடுத்துக்கொண்டார்.

தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். எம்சி என்கிற மருத்துவ விடுப்பில் இருந்த நாட்களிலும் அது நிற்கவில்லை; வீட்டு வாசலுக்கு இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுமுன் ஒரு முறை இருமிக் காட்ட வேண்டும். தோட்டத்தில் குலை வெட்டும் வீரன் ஆரஞ்சுப் பையோடு வந்து, பாவம், ஒரு தும்மல் போட்டுவிட்டான். "இன்னிக்கி உனக்குப் பேரு இல்ல. திரும்பிப் பாக்காம போ," என்று விரட்டினார். பை மட்டும் உள்ளே வந்தது.

ஈஜோக்கிலிருந்து பஸ் மாறி வந்த சொந்தத் தங்கை நாகமணிக்கும் சலுகை கிடையாது. தொண்டை கரகரத்தது என்பதற்காகப் போர்ச்சிலேயே பிளாஸ்டிக் நாற்காலி போடப்பட்டது.

"ஏண்ணே, நான் என்ன கொரோனாவா?"

"அங்கயே குந்து தாயி. மைலோ டின்ன மட்டும் அனுப்பு, அதுக்குச் சளி இல்ல."

நாகமணி சன்னல் கம்பி வழியாகவே அழுது, சிரித்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள்.

சாப்பாட்டிலும் அவர் வைத்ததுதான் சட்டம். டாக்டர் முட்டை சாப்பிடச் சொன்னார். "முட்ட புண்ணுல சீழ் வைக்கும். டாக்டருக்கு என்ன தெரியும், அவரு வயிறா?" என்று தட்டைத் தள்ளினார். விரால் மீன் சூப்பை மட்டும் கிண்ணத்தைச் சாய்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

காலைப் பெரட்டு முடிவில் தன் நெற்றியையும் அவர் மறக்காமல் நீட்டுவார். "தொட்டுப் பாத்துக்க. நாளைக்கி யாரும் மண்டோருக்குத் தனிச் சட்டம்னு சொல்லக்கூடாது." துளசி தொடுவாள். சில்லென்றிருக்கும். அவள் மனசும் கொஞ்சம் குளிரும்.

அன்று மத்தியானம் படுக்கை விரிப்பை மாற்றப் போனவள் மெத்தையைத் தூக்கினாள். அடியில் காலிப் பனடோல் காய்ச்சல் மாத்திரை அட்டைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. ஆஸ்பத்திரி கொடுத்த மாத்திரை வேறு; இது கடையில் வாங்குவது. ஒவ்வொரு காலையும் அந்த நெற்றி எப்படிக் குளிர்ந்தது என்பது அங்கே நின்றபடியே அவளுக்குப் புரிந்தது.

கூடத்துக்கு வந்தாள். கண்ணயர்ந்திருந்தவரின் நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது. சட்டையைத் தூக்கினாள். கட்டுக்கு வெளியேயும் தோல் செக்கச்செவேலென்று பளபளத்தது.

"எத்தன நாளா?"

உடையப்பன் சன்னலைப் பார்த்தார். "உள்ள போன ஆளுங்க வேலைய முடிச்சிட்டு வந்துருவானுங்கன்னு பாத்தேன்."

"ஊருக்கெல்லாம் கேட்ட சாத்துனீங்க. உள்ளயே சீழு வச்சிக்கிட்டு..." அவள் சட்டையை இறக்கிவிட்டாள்.

"மறுபடி கீறுவாங்க துளசி." குரலில் மண்டோர் இல்லை. "அந்த ரூமு அவ்ளோ குளிரு. மூஞ்சில மயக்க மூடிய வச்சி எண்ணச் சொல்வான். இன்னொரு வாட்டி எண்ண எனக்குத் தைரியம் இல்ல."

துளசி ஒரு பையில் சாரோங், துண்டு, ஆஸ்பத்திரி அட்டை எல்லாவற்றையும் திணித்தாள். குனிந்து, அவர் சட்டைப் பையில் கையைவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தாள்.

"ஏய், நீ சந்தைய தாண்டி ஓட்டுனதே இல்லையே! கோலா சிலாங்கூர் ரோட்டுல லோரியா வரும், லா!"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா உனக்கு? துளசி? உன்னத்தான் கேக்குறேன்."

அவள் கதவை அகலத் திறந்து போட்டுவிட்டு வெளியே போனாள்.