தெற்கு மதிலில் ஓர் ஆறு

எங்கள் பள்ளியின் தெற்கு மதில் முழுவதும் தண்ணீர்தான். விடியற்கால மஞ்சள் ஒளி, தூரத்துப் பனியில் கரையும் மரங்கள், அலையே இல்லாத ஆறு. பழைய வெள்ளைக்கார ஓவியர்கள் வரைவார்களே, பார்த்ததும் நம் குரல் தானாகத் தாழ்ந்துவிடும் நீர்வெளிகள், அந்த வகை. எங்கள் இலுப்பூர்ப் பக்கம் அப்படி ஓர் ஆறு கிடையாது. வரைந்தவர் எங்கள் ஓவிய ஆசிரியை. நான் அன்றும் இன்றும் அதே பள்ளியின் அலுவலக எழுத்தர்.

அதற்குமுன் அந்த மதில், பேருந்துக்குக் காத்திருக்கும் ஆண்கள் ஒதுங்கும் இடம். மாணவிகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தலை குனிந்து வாசலுக்கு ஓடுவார்கள். மற்ற ஊர்களில் செய்வதுபோல் சாமி டைல்ஸ் பதித்துவிடலாம் என்றார் தலைமையாசிரியர்.

"அந்த நாத்தத்துல சாமிய நிக்க வைக்கணுமா சார்? நான் ஒரு படம் வரையிறேன். ஆண்டு விழாவுக்குள்ள இவங்க ஒதுங்குறது நிக்கலைன்னா, நானே வெள்ளையடிச்சு அழிச்சிர்றேன்" என்றார் ஆசிரியை.

அழகின் முன் யாரும் அசிங்கம் செய்யமாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை. விடுமுறை நாள்களிலும் சாரத்தில் ஏறி நின்று வரைந்தார். முடித்த மறுநாளே ஆற்றங்கரையில் ஈரம். எதிர் ஸ்டாண்டு ஆட்டோக்காரர் கையும் களவுமாக அகப்பட்டார்.

"என்னண்ணே, படத்தப் பாத்துமா மனசு வருது?"

"படம் ஜோரா இருக்கு டீச்சர். ஆனா ஆத்துத் தண்ணிதானே? ஓடுற தண்ணிக்கு ஏது தீட்டு? அதப் பாத்தா இன்னும் வேகமால்ல வருது!"

ஸ்டாண்டே சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆசிரியையோ, "ஓடுற தண்ணி... ஓடுற தண்ணி..." என்று முணுமுணுத்தபடி உள்ளே வந்தார்.

எங்கள் பக்கத்தில் குடிநீர் ஊருணியில் யாரும் கால்கூடக் கழுவமாட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கரையிறங்குவோம். மழை தந்தால்தான் உண்டு என்பதால், காவல் இல்லாமலே ஊர் காக்கும் ஒழுங்கு அது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆசிரியை ஆற்றைத் தொடவில்லை. மதிலின் அடியில், சரியாக ஆண்கள் நிற்கும் இடத்தில், ஒரு படித்துறை வரைந்தார். படிகளில் வரிசையாகக் குடங்கள்: பித்தளை, எவர்சில்வர், பச்சை பிளாஸ்டிக். அவ்வளவுதான். ஆறு ஊருணியாகிவிட்டது.

மறுநாள் ஆட்டோக்காரர் அவசரமாக வந்தார். நின்றார். குடங்களைப் பார்த்தார், வாசலில் நின்ற எங்களைப் பார்த்தார்.

"என்ன டீச்சர், குடிக்கிற தண்ணியக் கொண்டாந்து வச்சுட்டீங்க!" என்று பரிதாபமாகச் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

ஆண்டு விழாவன்று மாணவிகள் அந்த மதிலோரமாகவே, நிமிர்ந்து, கதை பேசிக்கொண்டு வந்தார்கள். துப்பட்டாக்கள் தோளிலேயே கிடந்தன. ஆசிரியை மதிலைப் பார்க்கவில்லை. அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்பு அவர் அறந்தாங்கிக்கு மாறுதலாகிப் போனார். போன வாரம், வெளியூர்க்காரர் ஒருவர் அந்தப் படித்துறையை நெருங்கினார். அதே ஆட்டோக்காரரிடமிருந்து அதட்டல் வந்தது.

"யோவ், அங்கிட்டுப் போய்யா!"

"வெறுஞ் சுவருதானே?"

"ஒனக்குச் சுவரு. எங்களுக்கு ஊருணி."