பதினாறு வெள்ளையும் ஒரு கம்பளமும்

பல்செட் அக்கா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, அதன் உட்சுவரில் ஒரு பீங்கான் பல்லை ஒட்டிப் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். "மூணாம் நம்பர். காப்பி, டீ தொடாத ஆளோட பல்லு," என்று சொல்லிவிட்டுப் பாலை எடுக்கிறார். பால் ஐந்தாம் நம்பர். கைப்பையைவிட்டுப் பிரியாத, பல் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் சட்டத்தில் பதினாறு பற்கள் வரிசையாகத் தொங்குகின்றன. பதினாறும் வெள்ளைதான், ஒன்றைப் போல் இன்னொன்று இராது. எதிரே உள்ள வங்கிச் சுவர் எட்டு. தபால் உறை பதினொன்று. மேல் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு இவர் செய்து கொடுத்த பல்செட் ஒன்பது. ஆசிரியர் மூன்றுதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். "எழுபத்திரண்டு வயசுல மூணு வெச்சா, வாயில ட்யூப்லைட் மாட்டின மாதிரி இருக்கும் சார்," என்று சொல்லி அவரை அடக்கிவிட்டார்.

வயது ஐம்பத்தொன்று. செயற்கைப் பல் செய்யும் கூடமொன்றில் இருபத்தாறு வருடம், நான்கு மாதமாக வேலை. ஜன்னலோர மேசை, கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் மெழுகுக் கத்தி. நாளுக்குச் சராசரி பதினெட்டுப் பல். மனிதர்களை அவர் முகத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. தெருவில் எதிர்ப்படுபவர் சிரித்தால் இன்னார் என்று சொல்லிவிடுவார். சிரிக்காத ஆள் சொந்தத் தம்பியாகவே இருந்தாலும் இரண்டு விநாடி ஆகும்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். அதிர்ந்து பேசமாட்டார். அவருடைய சட்டைகள் சாம்பல், குடை சாம்பல். பதினோரு வருடமாக அவர் ஒருவரே உட்கார்ந்து குழி விழுந்திருக்கும் கைவைத்த நாற்காலியும் சாம்பல்.

இந்த வீட்டுக்குள்தான் அந்தக் கம்பளம் வந்தது. நீளம் பதினோரு அடி, அகலம் எட்டு. ஆரஞ்சுப் பரப்பு, அதன்மேல் சாப்பாட்டுத் தட்டு அளவில் இருபத்து நான்கு மயில்கழுத்து வட்டங்கள், சுற்றிலும் நான்கு விரல் அகலத்துக்குக் கத்தரிப்பூப் பட்டை. ஒரு சனிக்கிழமை தலையணை உறை வாங்கப் போன அக்கா இதை வாங்கி வந்துவிட்டார். லிஃப்டில் அடங்காமல் இரண்டு பேர் நான்கு மாடி தூக்கி வந்து விரித்தார்கள். கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். கம்பளம் அப்படியே இருந்தது.

"நான் கண்ணு பாக்கிறவன். சொல்றேன், இது கண்ணுக்கு ஆகாது."

"இருபத்தாறு வருஷமா வெள்ளையையே பாத்துப் பாத்து என் கண்ணுதாங்க வெளுத்துப் போச்சு. எனக்குன்னு ஒரு கலர் வேணும். ஒண்ணே ஒண்ணு."

"இதுல மூணு இருக்கே," என்றார் கணவர்.

பிடிக்கவில்லை என்றால் முப்பது நாளுக்குள் கடைக்காரரே திரும்ப எடுத்துக்கொள்வார். அதைக் கெடுவாக வைத்துக் கணவர் ஒரு நிபந்தனை போட்டார். வீட்டுக்கு வருகிறவர்களில் தொடர்ந்து மூன்று பேர், அந்த அறையில் பத்து நிமிடமாவது இருந்துவிட்டு, கம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போக வேண்டும். போனால் கம்பளம் இருக்கலாம். நடுவில் ஒருவர் பேசினாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அக்கா ஒப்புக்கொண்டார். பேசாமல் போகிறவருக்கு ஒரு வட்டம், பேசுகிறவருக்கு ஒரு பெருக்கல் குறி என்று சுவர் நாள்காட்டியில் போட்டுவர ஏற்பாடாயிற்று.

முதல் வாரம் ஆறு பேர் வந்தார்கள். ஆறும் பெருக்கல். குழாய் பழுதுபார்க்க வந்தவர் வாசலிலேயே நின்று, பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுச் சுவரோரமாகவே நடந்து போனார். அக்காவின் தம்பி, சர்க்கஸ் எத்தனை மணிக்கு என்றார். இரண்டாம் வாரம் அக்கா கம்பளத்தின் நடுவில் மேசையை இழுத்துப் போட்டு, அதன்மேல் தரை வரை தொங்கும் விரிப்பைப் போட்டார். வந்தவர்கள் விரிப்பைத் தூக்கிப் பார்த்து, கீழே என்ன எரிகிறது என்று விசாரித்தார்கள்.

வழி கிடைத்தது பதினைந்தாம் நாள், பல் செய்யும் கூடத்தில். ஒரு பல் மருத்துவர், அக்கா செய்து அனுப்பிய பல் நோயாளியின் வாயில் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிகிறது என்று தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டார். அக்கா படத்தை வரவழைத்துப் பார்த்தார். "பல்லு சரியாத்தான் இருக்கு டாக்டர். பக்கத்துல இருக்கிறதுங்கதான் சரியில்ல. அதுங்களை மாத்துங்க," என்றார். சொல்லி முடித்தவர் சட்டென்று தொலைபேசியை வைத்தார். அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் நேராகத் துணிக்கடைக்குப் போனார்.

மறுநாள் கம்பளத்தின் அடிப்பக்கத்திலிருந்து மூன்று நூலை உருவி, பழைய பல் சட்டமொன்றில் ஒட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு துணியைப் பார்க்கும் பெண்மணியைக் கடைக்காரர்கள் முதலில் மரியாதையோடும், மூன்றாம் நாளிலிருந்து பயத்தோடும் வரவேற்றார்கள். ஒருவர் இதுதான் அசல் ஆரஞ்சு என்று சாதித்தார். "இது ஆரஞ்சுக்கு மஞ்சக்காமாலை வந்த கலருங்க," என்று அக்கா நூலைத் தூக்கிக் காட்டினார்.

ஜன்னலுக்கு மயில்கழுத்துத் திரை வந்தது. ஆறு ஆரஞ்சு மெத்தைத் தலையணைகள் வந்தன. இரண்டு சுவர்களுக்குக் கத்தரிப்பூ நிறத்தை அவரே அடித்தார். கூரையைச் சந்திக்கும் ஓரத்தை மட்டும், ஈறு வரைகிற மாதிரி என்று சொல்லி, பல்லுக்குப் பீங்கான் பொடி பூசும் தூரிகையால் ஒன்பது மணி நேரம் தீட்டினார். விளக்குக்கூடு, கடிகாரம், தேநீர்க் கோப்பை எல்லாம் மாறின. மிஞ்சியது சாம்பல் நாற்காலி. அதற்கு உறை தைக்க இரண்டேகால் மீட்டர் கத்தரிப்பூத் துணியும் வாங்கி வைத்திருந்தார்.

"அதும்மேல கை வெச்சே, நான் கடையிலயே படுத்துக்குவேன்," என்றார் கணவர். நாற்காலியைக் கம்பளத்துக்கு வெளியே ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டார். அதன் கால் கம்பளத்தில் பட்டுவிடாமல் தினமும் சாண் வைத்துப் பார்த்தார். துணி அலமாரிக்குப் போனது.

இருபத்தாறாம் நாள் அடுத்த வீட்டு அம்மாள், இரவல் போன ஏணியைக் கேட்டு வந்தார். திரையைப் பிடித்துப் பார்த்து, மீட்டர் கணக்கு, கொக்கிக் கணக்கு எல்லாம் கேட்டு, நாற்பது நிமிடம் பேசினார். கம்பளத்தின் மேலேயே நின்று பேசினார். அதைப் பற்றி மூச்சு விடவில்லை. முதல் வட்டம் விழுந்தது.

மறுநாள் தலைமையாசிரியர் வந்தார். இவர் எதையும் சும்மா விடுகிறவர் இல்லை. அவர் வாசலைத் தாண்டியதுமே அக்கா கையை நீட்டினார். "பல்லைக் கழட்டிக் குடுங்க சார், ஒரு பாலீஷ் போட்டுத் தர்றேன்." பல்லில்லாமல் ஆசிரியர் பேசமாட்டார், அது அவர் மானப் பிரச்சினை. பாலீஷ் பதினாறு நிமிடம் நடந்தது. அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு கம்பளத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், இரண்டு கைகளையும் விரித்துக் கணவரிடம் முறையிட்டார். பல்லை மாட்டிய கையோடு வாசலுக்கு நடத்திச் செல்லப்பட்டார்.

"பல்லு இல்லாத ஆளு கணக்குல வராது," என்றார் கணவர்.

"ஒரு வார்த்தைன்னுதானே சொன்னீங்க? பல்லைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே."

கணவர் இரண்டாவது வட்டத்தைப் போட்டார். போட்டுவிட்டுத் தன் உடன்பிறந்த அக்காவுக்குத் தொலைபேசினார்.

நாத்தனார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே மருத்துவரின் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருப்பதைச் சுட்டிக்காட்டியவர். இருபத்தொன்பதாம் நாள் மாலை நாலேகாலுக்கு வந்து ஆரஞ்சுத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். பல்செட் அக்கா வீட்டில் இருந்ததிலேயே கெட்டியான பிஸ்கட்டாகத் தேடி நீட்டினார். கணவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒரு காலை நீட்டிக் கம்பளத்தைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டேயிருந்தார்.

"காலை மடக்குங்க. ஜாடை காட்டக் கூடாது," என்று அக்கா அவர் காதோரம் சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பது நிமிடம் நாத்தனார் தன் மருமகளின் சமையலைப் பற்றிப் பேசினார். பத்தாவது நிமிடம் பேச்சு நின்றது. அவர் பார்வை திரையில் ஏறி, சுவர் வழியாக இறங்கி, கம்பளத்தின் குறுக்கே மெதுவாக வந்தது. அக்காவின் நாக்கு கடைவாய்ப் பல்லைத் தடவிக்கொண்டிருந்தது. பார்வை கத்தரிப்பூப் பட்டையைத் தாண்டி, ஒரு சாண் தரையையும் தாண்டிப் போய் நின்றது.

"ஏண்டா," என்றார் நாத்தனார், "வீடே இவ்வளவு நல்லா இருக்கு. இந்த ஒரு நாற்காலி மட்டும் ஏன் சொத்தைப் பல்லு மாதிரி உக்காந்திருக்கு?"

பிறகு அவர் மருமகளின் சமையலுக்கே திரும்பினார். ஐந்தரைக்குப் புறப்படும்வரை வேறு எதுவும் கவனிக்கவில்லை. மூன்றாவது வட்டத்தைக் கணவர் பென்சிலால்தான் போட்டார்.

முப்பதாம் நாள் காலை கம்பளக் கடையிலிருந்து தொலைபேசி வந்தது. கணவர்தான் எடுத்தார். வண்டி அனுப்ப வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார். அக்கா அடுப்படியில் அதைக் கேட்டார், கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

தேநீரோடு அவர் வந்தபோது நாற்காலியின் நான்கு கால்களும் கம்பளத்தின் மேல் இருந்தன. அதன் கைப்பிடியில் அலமாரியிலிருந்த இரண்டேகால் மீட்டர் துணியும் தொங்கியது. எதிரே கணவர் இடது கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போய்க் குண்டூசிப் பெட்டியை எடுத்து வந்தார். அதன் மூடியைத் திறந்து, கோப்பைக்குப் பக்கத்தில், கணவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தார்.