வக்கீல்தான் கொலைகாரன்

எனக்கு எட்டு வயதான கோடை விடுமுறையில், திருப்போரூரில் அத்தைக்கும் மாமாவுக்கும் நடுவே தூது போவதுதான் என் உத்தியோகம். இருவரும் ஒரே கூடத்தில்தான் இருப்பார்கள். "சோறு போட்டாச்சின்னு உன் மாமா கைல சொல்லு" என்பார் அத்தை. மாமாவுக்கு நன்றாகவே காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நான் நான்கு எட்டு வைத்துப் போய்ச் சொல்கிற வரை எழுந்திருக்க மாட்டார். என்னை விட்டால் அந்த வீடே நடக்காது என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீடு கட்ட வைத்திருந்த கடலைக்கொல்லையை, அத்தையை ஒரு வார்த்தை கேட்காமல் மாமா பிளாட் போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். அத்தை சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அதற்கு முந்தைய வருடம் அப்படி இல்லை. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு டிவியில் ஒரு மர்மத் தொடர் வந்தது. மாமல்லபுரம் கடற்கரையில் எடுத்தது. நீதிபதி ஒருவர் சவுக்குத் தோப்பில் செத்துக் கிடப்பார். வக்கீல்தான் கொன்றான் என்று அத்தையும், தபால்காரன்தான் என்று மாமாவும் தெரு கேட்கக் கத்துவார்கள். கொன்றது யார் என்று சொல்லாமலே முதல் பாகத்தை முடித்துத் தொலைத்தார்கள். இரண்டாம் பாகம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமையை அத்தை காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

எனக்கோ கொலைகாரன் யார் என்பது அதற்கு முந்தின நாளே தெரிந்துவிட்டது. படூரில் கல்லூரி படித்த பெரியப்பா மகன், டிவிக்கு முன்பே செல்போனில் வந்துவிட்ட ஆறு வாரக் கதையையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு என்னிடம் சொல்லிவிட்டான். நீதிபதியின் சொந்தத் தம்பி. அந்த ரகசியம் என் வயிற்றில் தங்கவே இல்லை.

வட்டம் போட்ட ஞாயிறன்று அத்தை நான்கு மணிக்கே குளித்துத் தலைவாரி, வடைக்கு ஊறப்போட்டதை அரைத்துச் சுட்டு வைத்தார். ஐந்தே முக்காலுக்கு என்னைக் கூப்பிட்டு, டிவி போடப்போவதாக மாமாவிடம் சொல்லச் சொன்னார். தான் ஓட்டுகிற கம்பெனி வேனைக் கழுவ வேண்டும் என்று மாமா சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டதும் அத்தையின் முகம் விழுந்துவிட்டது. வடையைச் சாப்பிடச் சொல்லி என் மேல் எரிந்து விழுந்தார்.

தொடர் ஆரம்பித்தது. வாசலில் தண்ணீர்ச் சத்தம். திரையில் வக்கீல் ரயிலை விட்டு இறங்கினான். அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இவன்தான் கொன்னுட்டு ஒன்னும் தெரியாத மாதிரி வரான்" என்றார்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அவன் அன்னிக்கி ஊர்லயே இல்லியே. எப்பிடிக் கொன்னுருப்பான்?"

மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை.

"அப்போ இன்னான்னு நீங்களே உள்ள வந்து சொல்லுங்க" என்றார் அத்தை.

மாமா ஈர லுங்கியோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். விளம்பரம் வந்ததும் அத்தை வடை எடுக்க உள்ளே போனார். நான் பின்னாலேயே ஓடி, அவர் காதில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அத்தை கரண்டியும் கையுமாக என்னையே பார்த்தார்.

"நெஜமாவா?"

"அண்ணன் கடைசி வரைக்கும் பாத்துட்டான் அத்தை."

"உன் மாமா கைல மட்டும் சொல்லிடாதடி கண்ணு" என்றவர், தட்டோடு கூடத்துக்குப் போய், "எழுதி வெச்சிக்கோங்க, வக்கீல்தான்" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு ஞாயிறும் அத்தை வக்கீலை விடவில்லை. இரண்டாவது வாரம் மாமா நாற்காலியை நன்றாக அத்தை பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாவது வாரத்திலிருந்து திங்கள், செவ்வாயெல்லாம்கூட அந்தப் பேச்சுதான். சோறு போட்டாச்சு என்பதைக்கூட அத்தை நேராகவே சொல்ல ஆரம்பித்ததால், என் உத்தியோகமும் போயிற்று.

கடைசி வாரம் தம்பி பிடிபட்டபோது அத்தை வாயில் கைவைத்து, "ஐயோ, இவனா!" என்று அதிர்ந்தே போனார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் காலை அம்மாவுக்குப் போன் போட்டேன். அத்தைக்கு ஞாபகமறதி ரொம்ப மோசமாகிவிட்டது, உடனே டாக்டரிடம் காட்டச் சொல் என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னேன்.