நாலு ஆள் கேட்டேன்

கட்டிலைத் தூக்க நாலு ஆண்கள் கிடைக்காமல் என் புருஷன் சாகக் கிடந்தார். எல்லைப் போராட்டம் நடந்த காலம் அது. நம்முடைய ஊர்கள் தமிழோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், மலையாளத்தோடுதான் இருக்க வேண்டும் என்று இன்னொரு கூட்டம். பஸ் ஓடவில்லை. மரத்தை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். நாலு ஆண்கள் சேர்ந்து நடந்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிற்று. அந்த நேரத்தில் ஆண்டவர் எனக்குச் செய்த உதவியைச் சபையில் பல தடவை வாயால் சொல்லியிருக்கிறேன். இப்போது எழுதித் தரச் சொல்கிறார்கள். நான் இரண்டாம் கிளாஸ் வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணலாக இருக்கும், சொல்வது நேராக இருக்கும். அவசரப்படாமல் வாசியுங்கள்.

எங்களுக்குப் பாறசாலைப் பக்கம். என் புருஷன் பொன்னையன் பனையேறுவார். அவர் இறக்கிய அக்கானியை, அந்தப் பதநீரை, நான் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவேன். பருவம் முடிகிறபோது அதைக் காட்டாக்கடைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று வருவது என் வேலை. யாரிடமும் போய் நிற்காமல் நான் பார்த்த வேலை அது. அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. வருஷத்தில் நான் ஊரைவிட்டு வெளியே போவதும் அந்த ஒரு தடவைதான். அதனால் போகிற வழியில் உதியன்குளங்கரையில் என் பழைய கூட்டுக்காரி பார்வதியைப் பார்ப்பேன். திரும்புகிற வழியில் குன்னத்துகாலில் என் தங்கை செல்லம்மாள் வீட்டில் ஒரு நாள் தங்குவேன். எனக்குத் திருவிழா, கலியாணம் எல்லாம் அதுதான்.

அந்த வருஷம் பஸ்ஸை நம்ப முடியாததால் அவரும் கூட வந்தார். நான் ஒரு ஓலைக் கடவம் நிறையக் கருப்பட்டியைத் தலையில் வைத்தேன். அவர் இரண்டு கடவத்தைத் தோளில் தூக்கினார். நடந்தோம். வெயிலா மழையா என்று சொல்ல முடியாத ஒரு புழுக்கம். பார்வதி வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் எனக்குக் கழுத்து இறங்கிப் போயிற்று.

பார்வதி அவள் புருஷனோடு ரோட்டோரம் சாயாக்கடை வைத்திருந்தாள். இந்து வீடு. சின்ன வயதில் நானும் அவளும் ஒன்றாகப் புல் அறுத்தவர்கள். என்னைக் கண்டதும் கையைத் தலையில் வைத்தாள்.

"ஏட்டி, இந்த நேரத்துல ஊரு சுத்த வந்திருக்கியே, ஒனக்கு பிராந்தா?"

"போராட்டம் நடக்குதுன்னு கருப்பட்டிக்குத் தெரியுமா? வச்சிருந்தா இளகிப் போவும்."

அவள் சாயா ஆற்றிக்கொண்டே அவரைப் பார்த்தாள். "ஒனக்க மாப்பிளைக்க மொகம் என்ன இப்பிடி வாடிக் கெடக்கு?"

"அவருக்கு இன்னும் தமிழ்நாடு கிட்டல்ல. அந்த வருத்தமாக்கும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தமிழ்ப் பக்கம் பேசுகிறவர்களில் அவர் முன்னால் நிற்கிறவர். அந்த வீம்பில்தான் சிரிக்கவில்லை என்று நினைத்தேன். அப்போதே அவருக்கு வயிற்றில் வலி இருந்திருக்கிறது. அடிவயிற்றில் பல வருஷமாக ஒரு குடலிறக்கம் இருந்தது. அதைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டே பனையேறுவார். பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியும் கேட்கவில்லை. என்னிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

காட்டாக்கடையில் சரக்கு விற்றது. சந்தையில் பாதி ஆள்கூட இல்லை. மறுநாள் உள்வழியாகக் குன்னத்துகாலுக்குத் திரும்பினோம். வழியெல்லாம் கதவு சாத்திய வீடுகள். ஆண்கள் மரச்சீனிக் கிழங்குத் தோட்டங்களுக்குள் ஒளிந்திருந்தார்கள். நாய் குரைத்தால் இலை அசையும். அவ்வளவுதான். நடந்து நடந்து எனக்கு இந்தப் போராட்டத்தின் மேலேயே ஒரு அலுப்பு வந்தது. யாருக்கு எந்த ஊர் என்றாலும் சரி, ஒரு பஸ் வந்தால் போதும் என்று இருந்தது.

என் தங்கையின் புருஷன் யோசுவா மலையாளப் பக்கம். அவர்கள் சபையில் ஆராதனையை மலையாளத்தில்தான் நடத்த வேண்டும் என்று நின்று அப்படியே மாற்றினவன். அன்றிலிருந்து என் புருஷன் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்று சபதம் செய்திருந்தார். நான் உள்ளே போனேன். அவர் முற்றத்துப் பலாமரத்தின் கீழே காலிக் கடவத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

செல்லம்மாள் மரச்சீனியும் மீன் குழம்பும் கொண்டு போனாள். தலையை ஆட்டினார். தண்ணீர் கொண்டு போனாள். அதற்கும் ஆட்டினார். யோசுவா வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"மைனி, அந்த மனுசனை நிர்பந்திக்காண்டாம். பலாமரத்துக்க மூடு வரைக்கும் தமிழ்நாடாக்கும். அவரு அவருக்க நாட்டுல இருக்கட்டு."

அப்போதும் அவர் பதில் சொல்லவில்லை. ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் சொல்லுகிறவர். நான் எட்டிப் பார்த்தேன். முன்னால் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. நான் ஓடுவதற்குள் சரிந்து விழுந்தார்.

யோசுவாதான் அவரைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து தன் கட்டிலில் போட்டான். அடிவயிறு கல் மாதிரி இருந்தது. வாந்தி நிற்கவில்லை. உள்ளூர் வைத்தியர் வந்து தொட்டுப் பார்த்தார். "குடலு இறங்கி முறுக்கிப் போச்சு. கீறத்தான் வேணும். இன்னைக்கே நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும். நாளைக்குண்ணு வைக்காண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காளைவண்டிக்காரன் வரமாட்டேன் என்றான். மரம் கிடக்கிற ரோட்டில் வண்டி போகவும் போகாது. கட்டிலோடு தூக்கித்தான் போக வேண்டும். மைல் கணக்கில் நடை. நாலு பேராவது வேண்டும், தோள் மாற்றிக்கொள்ள இன்னும் சிலர் வேண்டும். யோசுவா ஆள் தேடிப் போனான். வெயில் உச்சிக்கு வருகிறபோது தனியாகத் திரும்பி வந்தான்.

"ஒருத்தனும் வரமாட்டினும் மைனி. கூட்டமா நடந்தா போலீசு பிடிக்கும்ணு பேடி. நமக்க ஆளுவளும் வரல்ல, அவருக்க ஆளுவளும் வரல்ல."

அவன் கண் கலங்கியிருந்தது. நான் அழவில்லை. அழுவதற்கும் பலம் வேண்டுமே. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஜெபம் பண்ண வார்த்தை வரவில்லை. எங்கள் சபை உபதேசியார் பண்ணுகிற மாதிரி நீளமாகப் பண்ண எனக்குத் தெரியாது. "ஆண்டவரே, எனக்கு நாலு ஆள் வேணும். நாலு ஆள் தாரும்" என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அது ஜெபம்தானா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அவர் கண்ணைத் திறக்காமல், "ஒரு பாட்டுப் பாடுங்க. தமிழில" என்றார்.

நான் பாடுகிற நிலையில் இல்லை. "மக்கா, நீ பாடு" என்று செல்லம்மாளிடம் சொன்னேன். அவள் திகைத்தாள். கலியாணம் ஆகி வந்ததிலிருந்து மலையாளத்தில் பாடிப் பாடி அவளுக்குத் தமிழ்ப் பாட்டுகள் மறந்துபோயின. முதல் அடி வரும், அடுத்த அடி வராது. ஆனால் ஒரு பாட்டு மட்டும் அவளுக்கு முழுசாகத் தெரியும். அவர்கள் சபையில் ஆராதனை மலையாளத்துக்கு மாறிய பிறகும் துக்கவீட்டுப் பாட்டு மட்டும் மாறவில்லை. பிரேதத்தைச் சுற்றி நின்று பாடுகிறதைத் தமிழில் பாடினால்தான் அங்கே மனசுக்கு ஒக்கும். அவளுக்கு வேறு வழியில்லை, அதைத்தான் பாடினாள். நல்ல குரல் அவளுக்கு. கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சரணத்தையும் பாடினாள். நானும் சேர்ந்து முனகினேன். அது என்ன பாட்டு என்று அப்போது எனக்குப் புத்தியில் ஏறவில்லை.

பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். பக்கத்திலிருந்த சபைக் கோயிலில் மணி அடித்தது. ஒரு அடி. நிறுத்தி, இன்னொரு அடி. துக்கமணி.

எனக்கு நெஞ்சில் தீ பிடித்தது. நாலு ஆள் கேட்டேன், நீர் சாவுமணியா தருகிறீர் என்று ஆண்டவரிடமே கோபப்பட்டேன். எழுந்து வாசலுக்கு வந்தேன். மணியடிக்கிறவனை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று இறங்கினேன்.

முற்றத்தைத் தாண்டவில்லை. மரச்சீனித் தோட்டத்துக்குள்ளிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்திலிருந்து ரெண்டு பேர், அந்தப் பக்கத்திலிருந்து அஞ்சு பேர். தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பேசாமல், வரிசையாக. தமிழ் ஆள்களும் உண்டு, மலையாள ஆள்களும் உண்டு. துக்கமணி கேட்டால் வீட்டில் இருக்கக் கூடாது என்பது இங்கே பழக்கம். சத்துருவாக இருந்தாலும் போய் நிற்க வேண்டும். பிரேதத்தோடு போகிற கூட்டத்தைப் போலீசும் தொடுவதில்லை. ஒருவர் வெள்ளைத் துணி கொண்டுவந்தார். இன்னொருவர் தோளில் மண்வெட்டி. தச்சர் பெட்டிக்கு அளவு எடுக்கக் கோலோடு நேரே உள்ளே போய்க் கட்டிலின் கால்மாட்டில் கோலை வைத்தார்.

என் புருஷன் கண்ணைத் திறந்தார். "எலே, என்னை எதுக்காக்கும் அளக்குத?"

தச்சர் கோலைப் போட்டுவிட்டு வெளியே பாய்ந்தார்.

அப்புறம் ஒரே சத்தம். மணியடித்த ஏசுவடியானை எல்லாரும் சுற்றிக்கொண்டார்கள். "சாகாத ஆளுக்கு மணியடிச்சியே, ஒனக்கு கண்ணு இல்லியா?"

"நான் கண்ணால பாத்தா அடிக்கியேன்? காதால கேட்டாக்கும் அடிக்கியேன். அந்தப் பாட்டை உயிரோட இருக்கவனுக்கு ஆராவது பாடுவினுமா? நீங்களே சொல்லுங்க!"

எல்லாரும் செல்லம்மாளைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அங்கே ஒரு வயதான மனுஷர் இருந்தார். அவர் எந்தப் பக்கம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "வந்தது வந்தாச்சு" என்றார். "குழிக்குத் தூக்கணும்ணுதானே வந்தோம். ஆஸ்பத்திரிக்குத் தூக்குவோம். இந்த ஆளு கொஞ்சம் கனம் கொறவாக்கும்."

சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். யோசுவா தலைமாட்டில் முதல் தோள் கொடுத்தான். தோள் மாற்ற வேண்டியபோதெல்லாம் யாராவது வந்து நின்றார்கள். நான் பின்னால் நடந்தேன். கால் எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது. வழியில் பெரிய ரோட்டில் போலீஸ் நின்றது. ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆரா மரிச்சது?"

யோசுவா பொய் சொல்லாதவன். "மரிச்சிட்டில்ல ஏமானே. மரிக்காதிருக்கான் கொண்டு போணதாணு" என்றான். இன்னும் சாகவில்லை, சாகாமல் இருக்கத்தான் கொண்டுபோகிறோம் என்று.

"பின்னே மம்மட்டி எந்தினா?" மண்வெட்டி எதற்கு என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தோம். மண்வெட்டிக்காரர் அதைத் தோளிலிருந்து இறக்காமலே அவ்வளவு தூரமும் வந்திருந்தார். "மறந்து போச்சு ஏமானே" என்றார் பாவம். போலீஸ்காரர் கட்டிலைக் குனிந்து பார்த்தார். என் புருஷன் முனகினார். போலீஸ்காரர் தன் ஆட்களைக் கூப்பிட்டு ரோட்டில் கிடந்த மரத்தை ஒதுக்கச் சொன்னார். "வேகம் போ" என்றார்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் உடனே அறுத்துச் சரி பண்ணினார். விடியும்வரை தாமதித்திருந்தால் குடல் அழுகியிருக்கும், காப்பாற்றியிருக்க முடியாது என்று பிறகு சொன்னார். பார்வதிக்கு எப்படியோ சேதி போய், உதியன்குளங்கரையிலிருந்து தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள். என்னைக் குடிக்க வைத்துவிட்டு, "ஒனக்க ஏசு கொள்ளாமே, ஏட்டி" என்றாள். உன் ஏசு நல்ல ஆளுதான் என்று. அது போதும் எனக்கு.

அவர் பிழைத்தார். பனையேற்றத்தை விட்டார். தோட்டவேலை பார்த்தோம், கஷ்டம்தான். யோசுவா வீட்டில் தண்ணீர் மட்டுமல்ல, மீன் குழம்பும் சாப்பிட்டார். சண்டையை மட்டும் இரண்டு பேரும் விடவில்லை. பிறகு எல்லை பிரித்தார்கள். எங்கள் ஊர் கேரளத்திலேயே நின்றுவிட்டது. அவர் அதற்காகவும் எத்தனையோ ஜெபம் பண்ணியவர். சேதி கேட்ட அன்றைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார், சோறு வேண்டாம் என்றார். நான் போய்ச் சொன்னேன்:

"இஞ்ச பாரும். நீரு உயிரோட கெடந்து கோவப்படுதீரே, அதுக்காக்கும் நான் ஸ்தோத்திரம் சொல்லுதேன். எழும்பி சோறு தின்னும்."

எழுந்து தின்றார். அதற்குப் பிறகு பல வருஷம் இருந்து, பேரப்பிள்ளைகளைத் தோளில் வைத்துத் திரிந்து, நிறைவாகத்தான் போனார்.

எனக்கு இப்போது முட்டு வலிக்கிறது. கோயில் படி ஏறுவதே பெரிய யாத்திரை. ஜெபத்தில் பாதியில் தூங்கிவிடுகிறேன். ஆனால் நம்பிக்கை தூங்கவில்லை. என் பிள்ளைகளே, நீங்களும் களைத்துப் போயிருப்பீர்கள், எனக்குத் தெரியும். நல்ல வார்த்தை தேடிக்கொண்டு நிற்காதீர்கள். வேண்டியது எதுவோ அதை அப்படியே அவரிடம் கேளுங்கள். அவர் எந்த வழியாக அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள். அது அவருக்குத் தெரியும்.