குடில் ஆறிய பிறகும் நின்ற புகை

மாசியில் யாழ்ப்பாணம் வலிகாமத்துப் புகையிலை குடிலுக்குள் போகும். வெட்டிய இலையைத் தொங்கவிட்டு, கீழே தேங்காய்ப் பொச்சுமட்டை எரித்துப் புகை போடுவார்கள். இடையில் புகை நின்றால் இலை பூஞ்சணம் பிடித்துவிடும். எண்பத்தைந்தில் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரே குடில், கணவனை இழந்த ஒருத்தியுடையது. அவளின் அந்த வருடத்துச் சாப்பாடு முழுவதும் அந்த இலையில்தான் தொங்கியது.

அந்த மாசியில் வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. எல்லோருக்கும் கண் எரிந்தது, என் மனைவிக்கு மூச்சு இழுப்பு. ஊர் வாசிகசாலையில் முதலில் வாய் திறந்தவன் நான்தான்.

"உந்தக் குடிலின்ரை புகைதான். வேறை என்ன?"

பௌதிகவியல் ஆசிரியன் சொன்னால் ஊர் நம்பாமல் என்ன செய்யும்? கூட்டம் வைத்தார்கள்.

எனக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. வானிலைச் செயற்கைக்கோள் தலைக்கு மேலால் போகும்போது அனுப்பும் கீச்சொலியை றேடியோவில் பிடித்துக் கசெற்றில் பதிவேன். பாடசாலை ஆய்வுகூடத்து அலைகாட்டியில் அதை ஓடவிட்டால் திரையில் கோடு கோடாகப் படம் விழும். அதைக் கமராவால் எடுத்து நானே கழுவுவேன். கூட்டத்தன்று மத்தியானம் எடுத்த படத்தில், வழக்கமாகக் கறுப்பாக விழும் கடல் கறுப்பாக இல்லை. வடக்கே இந்தியக் கரையிலிருந்து ஒரு நரைத்த மூட்டம் வங்கக் கடலை மூடி, எங்களையும் தாண்டித் தெற்கே இறங்கியிருந்தது. எந்தக் குடிலாலும் அவ்வளவு புகை விட முடியாது. படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன்.

"ஒரு கிழமைக்கு நிப்பாட்டு, பிள்ளை" என்றார் வாசிகசாலைத் தலைவர் குடில்காரியிடம்.

"நிப்பாட்டினா அழுகின இலையை நீங்களோ சுருட்டாக்கிப் பத்தப் போறியள்?"

சிரிப்பு எழுந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மாஸ்டர், நீங்கள் படிச்சவர். என்ரை குடில் ஊரை மூடுமோ?"

"ஓரளவுக்கு..." என்றேன்.

அந்தச் சொல் போதுமாக இருந்தது. அன்று பொழுதுபடுமுன் வாளிகளோடு போய் நெருப்பை அணைத்தார்கள்.

ஏரியல் கம்பியும் றேடியோவும் வைத்திருப்பவனை ஆமி பிடிக்கும் காலம், அந்தப் பயத்தில்தான் மறைத்தேன் என்று பின்னாளில் சிலரிடம் சொன்னேன். அது பொய். பிழைவிட்டேன் என்று அந்த மனிதர்களுக்கு முன்னால் சொல்ல என் நாக்கு எழும்பவில்லை. அவ்வளவுதான். பழசைக் கிண்டாதே என்கிறார்கள் இப்போது. கிண்டுவேன். என் பழசை நான் கிண்டாமல் வேறு யார் கிண்டுவது?

குடில் ஆறியது. புகை போகவில்லை, இன்னும் தடித்தது. அவள் வாசிகசாலை வாசலில் வந்து நின்றாள்.

"இப்ப நிக்கிறது ஆரின்ரை புகை? சொல்லுங்கோவன்! கீரிமலையிலை போய்ப் பாருங்கோ, கடலே தெரியேல்லை. நான் கடலுக்கையும் குடில் போட்டனானோ?"

 நான் படத்தை எடுத்து அவளிடம் நீட்டி, விளங்கப்படுத்தினேன்.

"எப்ப எடுத்தனீங்கள்?"

"கூட்டத்தண்டு மத்தியானம்."

"அப்ப கூட்டத்திலை உங்கடை பைக்குள்ளை கிடந்ததோ?"

"ஓம்."

அவள் அதைத் தொடவில்லை. "எனக்கு உது முதலே தெரியும். அவையளுக்குக் காட்டுங்கோ."

படத்தை வாசிகசாலைப் பத்திரிகைப் பலகையில் குத்தினேன். 'இது கடல் கடந்து வந்த புகை. குடிலைக் குற்றம் சொன்னது என் பிழை' என்று கீழே எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

தலைவர் ஓடி வந்தார். "மாஸ்டர், உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுதோ? ஆமி கண்டால் வாசிகசாலையைக் கொளுத்துவான்."

"கீழை என்ரை பேர் கிடக்கு. என்னட்டை வரட்டும்."

கிழித்தார். நெகற்றிவ் என்னிடம் இருந்தது. அடுத்த நாள் காலை வேறொன்று குத்தினேன். அதையும் கிழித்தார்கள். திரும்பவும் குத்தினேன். கடைசியில் கிழிப்பதை விட்டுவிட்டார்கள்.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்திருந்த காலையில் அவள் ஒரு ஓலைக் கடகத்தைச் சுமந்து வந்தாள். வெள்ளைப் பூஞ்சணம் பிடித்த இலை. பலகைக்கு நேர் கீழே கொட்டினாள்.

"இதையும் ஒரு படம் எடுங்கோவன், மாஸ்டர்."

வெறுங்கடகத்தோடு குடிலுக்குத் திரும்பினாள். அங்கே பூஞ்சணத்துக்குத் தப்பிய இலை கொஞ்சம் இருந்தது. மத்தியானத்துக்குள் குடிலில் மறுபடி புகை எழுந்தது. வாளியோடு ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.